கூண்டு ஏறிய நாளில் காணாமல் போன பீரங்கி

அத்தியாயம் 6

சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வழக்கை முடிக்கக்கூடிய துப்பறிவாளர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில். பெயர் ஆரோக்கிய பிரபு.

இந்தத் தகவலை வெளியிட்டவரும் ஆரோக்கிய பிரபுதான். மறுத்து இதுவரை எந்த நாட்டிலிருந்தும் கடிதம் வரவில்லை.

"கேட்டுத் தெரிஞ்சிக்கறவன் சென்சஸ் எடுக்கறவன்டா, மச்சான். பாத்துத் தெரிஞ்சிக்கறவன்தான் டிடெக்டிவ். வாயத் தொறந்து, 'அண்ணே, இது இன்னா'ன்னு கேட்டுட்டா, அப்புறம் எனக்கும் பஸ் ஸ்டாண்டுல வழி கேக்கறவனுக்கும் இன்னா வித்தியாசம்?"

"அவன் போவ வேண்டிய ஊருக்குப் போய்ச் சேந்துடுவான்," என்றான் அப்துல்லா.

அப்துல்லா உதவியாளன். மங்கலம்பேட்டைக்காரன். கல்லூரியில் மூன்று வருடம் பிரபுவுக்குப் பக்கத்து இருக்கை. தண்டனைக் காலம் முடிந்தும் சிறையை விட்டு வெளியே வராத கைதி.

காலை ஒன்பதரை மணி. இருவரும் கடலூர் முதுநகரில், ஊர் வாயில் சொன்னால் ஓ.டி.யில், உப்பனாற்றங்கரையில் நின்றிருந்தார்கள். முந்தின நாள் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கடலுக்குப் போன படகெல்லாம் ஆற்றுக்குள் திரும்பி வந்து, திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்த வீடு மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது.

"சின்ன வயசுல டிவில இந்த நியூஸ் வரப்பல்லாம், புயலப் புடிச்சுக் கூண்டுல போட்டுட்டாங்கன்னு நெனச்சிப்பேன் மச்சான். அப்புறம் எதுக்கு எல்லாரும் பயப்படறாங்கன்னு புரியாது," என்றான் அப்துல்லா.

பிரபு பழைய கிடங்கு ஒன்றின் வாசல் மண்ணை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கிடங்குதான் இப்போது 'ஆற்றங்கரைக் கப்பல்துறைக் கூடம்'. உள்ளே பெலிசியா காத்திருந்தாள். வாரக் கடைசியில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கோட்டை மதில், பழைய பண்டகசாலைகள், படகு கட்டும் பட்டறை எல்லாம் நடந்தே சுற்றிக் காட்டுகிற பெண். இன்று மாலை நான்கு மணிக்குக் கூடத்தைத் திறக்க வேண்டும். திறந்து காட்டுவதற்கு நடுவில் ஒரு மர மேடை இருந்தது. மேடைமேல் காற்று இருந்தது.

"நாலடி நீளம் சார். இரும்புப் பீரங்கி. ஆவணி மாசம் ஆத்தோரச் சேத்துல பாதி பொதைஞ்சு கெடந்துச்சு, நான்தான் பாத்துக் கண்டுபுடிச்சேன். மராட்டியருகிட்ட இங்கிலீஷ்காரன் அந்தக் கோட்டைய வாங்கினப்போ, கோட்டைலேருந்து பீரங்கி சுட்டு, குண்டு எது வரைக்கும் விழுதோ அது வரைக்கும் ஊரெல்லாம் சேத்து வாங்கினான். இப்பவும் குண்டு கிராமம்னுதான் சொல்றாங்க. அப்பேர்ப்பட்ட ஊருல ஒரு பீரங்கிகூட இல்லாம எப்படி சார் கூடம் தொறக்கறது?"

"நல்ல வேள, குண்டு எங்க ஊரு வரைக்கும் வரல," என்றான் அப்துல்லா. "வந்திருந்தா எங்க மாமா அதையும் எடைக்குப் போட்டிருப்பாரு."

பெலிசியா சிரிக்கவில்லை. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"சாமிக்கண்ணு அண்ணன். பதினோரு வருஷமா இந்தக் கெடங்குக்கு அவருதான் வாட்ச்மேன். காலைல வந்து பாத்தா பீரங்கியக் காணோம். பூட்டு ஒடையல, சாவி அவருகிட்டதான் இருந்துச்சு. கூடத்துச் செயலாளர் ஜேக்கப் சார் பாண்டிச்சேரிலேருந்து நாலு மணிக்கு வராரு. அதுக்குள்ள பீரங்கி கெடைக்கலன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். வேல போறது ஒரு பக்கம். திருடன்னு பேரு வந்துட்டா அவரு இந்தக் கரைல எப்படி நடமாடுவாரு? அவரு எடுத்திருக்க மாட்டாரு சார். எனக்குத் தெரியும்."

அப்துல்லாவுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. அந்த முக்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, 'அண்ணே, பீரங்கி எங்கண்ணே?' என்று கேட்க வேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தான். பிரபு அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தான்.

"வார்த்த தடயத்தக் கலைச்சிடும்."

பிறகு பிரபு சாமிக்கண்ணுவின் முன்னால் மண்டியிட்டு அவருடைய வலது உள்ளங்கையைப் பார்த்தான். இடது உள்ளங்கையைப் பார்த்தான். செருப்பைத் திருப்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சாமிக்கண்ணுவும் பேசவில்லை. கைரேகைக்காரர் பலன் சொல்லாமல் எழுந்து போனால் வருமே ஒரு நிம்மதி, அது அவர் முகத்தில் பரவியதை அப்துல்லா பார்த்தான்.

தடயங்கள் மூன்று கிடைத்தன. பீரங்கிமேல் போர்த்தியிருந்த வெல்வெட் துணி நான்காக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பெயர்ப்பலகை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பாமல், படிக்கிற மாதிரி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தரையில் மேடையிலிருந்து வாசல் வரைக்கும் கிரீஸ் தடம்.

"துணிய மடிச்சு வெக்கற திருடன்," என்றான் பிரபு. "ஹாஸ்டல்ல வளந்தவன். கிரீஸ் இருக்கு, அதனால வண்டி வச்சிருக்கான்."

"இல்ல, சப்பாத்திக்கு எண்ணெய் தடவுற மாதிரி எவனோ பீரங்கிக்குத் தடவியிருக்கான்."

பெலிசியா செல்போனை நீட்டினாள். முதல் படம், பீரங்கியுடையது. உடம்பெல்லாம் துரு, வாய்க்குக் கீழே கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் கொலுசு போட்ட இடம் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. "இது இன்னா?" என்று அப்துல்லா கேட்டான். "சங்கிலில கட்டித் தொங்க விட்டிருப்பாங்க," என்று பிரபு பார்த்தே சொன்னான்.

இரண்டாவது, நேற்று மத்தியானம் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களோடு எடுத்த படம். பின்னணியில் ஒரு லோடு வேன். அதன் முதுகில் 'தில்லை துணை, க. சபாபதி, சிதம்பரம்' என்று எழுதி, கீழே பத்து இலக்கச் செல்போன் நம்பரும் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் அப்துல்லா. "போன் போடு மச்சான்."

"போன் போடறதும் கேக்கறதுதான்."

*

ஆகவே நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனார்கள். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு வண்டி தன் வாழ்க்கையைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றது. சிதம்பரத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டேகால். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே, வேன்கள் வாடகைக்கு நிற்கிற இடத்தில், தில்லை துணை நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு குண்டு மனிதர் தினசரியை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எதிர் டீக்கடையிலிருந்து பிரபு அந்த வேனை ஐம்பது நிமிடம் பார்த்தான். மூன்று டீ குடித்துப் பார்த்தான். பிறகு பூனை நடை நடந்து பின்புறத் தட்டைத் துழாவி, நீல நைலான் இழை கொஞ்சம், ஜிகினாத் தாள் ஒரு துண்டு கொண்டு வந்தான்.

"கயிறு கட்டி, ஜிகினாத் தாள் சுத்தி, பீரங்கியக் கல்யாணப் பரிசு மாதிரி வேஷம் போட்டுக் கடத்தியிருக்கானுங்க," என்றான்.

"பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"விளையாடாத."

"நான் வெளையாடல மச்சான். மணி ஒண்ணு ஆவுது. அங்க ஒரு மனுஷன் முக்காலில ஒக்காந்திருக்காரு." சொல்லிவிட்டு அப்துல்லா தெருவைக் கடந்தான். பிரபு 'உஸ் உஸ்' என்று கூப்பிட்டதை ஏதோ சைக்கிள் டியூபில் காற்று போகிற சத்தமாக எண்ணிக்கொண்டான். போய்த் தினசரியைத் தூக்கினான். "அண்ணே, நேத்து ஓ.டி.க்கு இன்னா லோடு அடிச்சீங்க?"

சபாபதி ஒரு கண்ணைத் திறந்தார். "கயிறு தம்பி. பெரிய கயிறு, ரெண்டு சுருள்."

"இங்கேருந்தா? ஓ.டி.ல கெடைக்காத கயிறா?"

"கூண்டு ஏறிட்டா ஓ.டி.ல கயிறு கெடைக்குமா? காலைலயே கடையத் தொடச்சு வாங்கிட்டுப் போயிடுவாங்க. படகக் கட்டணும்ல. அதான் இங்க போன் போட்டாங்க."

"திரும்பி வரப்ப?"

"புவனகிரிக்கு ஒரு பீரோ ஏத்தினேன். கல்யாணச் சீரு. ஜிகினா எல்லாம் சுத்தி, பொண்ணோட அண்ணன் அது பக்கத்துலயே ஒக்காந்து வந்தான். ஏன், கீறல் ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்லண்ணே. கயிற யாரு வாங்கிக்கினாங்க?"

"அந்தக் கெடங்கு வாட்ச்மேன்தான். சாமிக்கண்ணு. நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தாரு."

கேட்டால் பதில் கிடைக்கும் என்பது அப்துல்லாவுக்குத் தெரியும். இப்படிப்பட்ட பதிலும் கிடைக்கும் என்பதை யோசிக்கவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை. டீக்கடைக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

பிரபு கண்களை மூடித் திறந்தான். "முடிஞ்சிது கேஸு. சாவி அவன்கிட்ட. கயிறும் அவன்கிட்ட. அவன்தான்."

"பீரங்கிய எடுத்தவன் அத எங்கடா வச்சான்? எதுக்குடா வச்சான்? ஊருக்குப் போய் அவருகிட்ட ஒரு வார்த்த…"

பிரபுவின் கட்டைவிரல் அதற்குள் வேலையை முடித்துவிட்டது. செயலாளர் ஜேக்கப்புக்கு வாட்ஸப். 'குற்றவாளி சாமிக்கண்ணு. ஆதாரம் உண்டு. நேரில் விளக்குகிறேன்.'

"அழிடா அத!"

"புளூ டிக் வந்துடுச்சு."

அப்துல்லாவுக்கு அழுகையும் வரவில்லை, கெட்ட வார்த்தையும் வரவில்லை. இரண்டும் ஒரே வாசலில் சிக்கிக்கொண்டன.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் எது என்று கேட்கவும் பிரபு விடவில்லை. பலகையைப் படிப்பதுகூட எழுத்து மூலமாகக் கேட்பதுதானாம். சக்கரத்தில் ஒட்டிய மண்ணைப் பார்த்தான். "உப்பு மண்ணு, கடலோர ரூட்டு," என்று ஏறினான். பஸ் கிளம்பித் தெற்கு வீதி தாண்டி, நகர எல்லை தாண்டி, இரண்டு பக்கமும் நடவு வயல் வந்த பிறகு கண்டக்டர் வந்தார்.

"காட்டுமன்னார்கோயில் ரெண்டா?"

கடலுக்கு எதிர்த்திசையில் இருக்கிற ஊர். அந்தக் கேள்விக்குப் பிரபு ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தான். அப்துல்லா மணியை அடிக்கச் சொன்னான். இறங்கிய இடத்தில் ஒரு அரிசி ஆலையும் ஒரு எருமையும் இருந்தன. எதிர்ப்பக்கப் பஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க மழை பெய்தது.

"மச்சான்," என்றான் அப்துல்லா, "அந்த எருமையப் பாத்து மணி இன்னான்னு சொல்லேன்."

*

ஓ.டி.யில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால். காற்று எழுந்திருந்தது. கூடம் பூட்டிக் கிடந்தது, முக்காலி காலி. "ஓடிட்டான்," என்றான் பிரபு, யாரோ தனக்குப் பரிசு கொடுத்தது போல.

அப்துல்லா ஆற்றங்கரையோரமாக நடந்தான். பக்கத்துப் படகுப் பட்டறையின் முன்னால், புதுப் படகை ஆற்றில் இறக்குவதற்குப் போடுகிற பனைமரத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின்மேல் கால் வைத்தான். கால் வழுக்கியது. குனிந்து தொட்டான். மரத்துக்கு மரம் கிரீஸ்.

நிமிர்ந்தபோது எல்லாம் சேர்ந்தே தெரிந்தது. பட்டறையைத் தாண்டி ஆறு வளைகிற இடத்தில் மூன்று பெரிய விசைப்படகுகள் காற்றில் முறுக்கிக்கொண்டிருந்தன. மூன்றின் நீலக் கயிறுகளும் கரைக்கு வந்து ஒரே இடத்தில் முடிந்தன. மண்ணிலிருந்து ஒன்றரை அடி வெளியே நின்ற ஒரு இரும்பு. வாய் மேலே, உடம்பு பூமிக்குள். கயிறு அழுந்தியிருந்தது சரியாக அந்தக் கழுத்தில்.

பக்கத்தில் குடையில்லாமல் சாமிக்கண்ணு நின்றிருந்தார். இரண்டடி தள்ளிப் பெலிசியா, முகம் வெளுத்து. அவளும் இப்போதுதான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"அண்ணே," என்றான் அப்துல்லா, "ஏண்ணே?"

ஒரே வார்த்தைதான். சாமிக்கண்ணு கொட்டிவிட்டார்.

"எங்க அப்பா காலத்துலேருந்து புயல் வந்தா படகு இதுலதான் கட்டறது தம்பி. சிமெண்டு தூணெல்லாம் பேருக்கு. ஆவணில ஆறு சும்மா கெடந்துச்சு, இந்தப் பாப்பா வந்து பாத்துச்சு, ஜேக்கப் சாரு பேப்பரு கொண்டாந்தாரு. பேப்பருன்னா நாங்க இன்னாத்த சொல்றது? நேத்து கூண்டு ஏறுச்சு. மூணு படகு, முப்பது குடும்பம். பட்டறை ஆளுங்க எட்டுப் பேரு இன்னிக்கு விடிகாலைல வந்தாங்க. நான்தான் தொறந்து வுட்டேன். துணிய நான்தான் மடிச்சேன்."

"சொல்லியிருக்கலாம்லண்ணே?" இது பெலிசியா.

"சொன்னா அவுத்து எடுத்துக்கினு போவச் சொல்வீங்க பாப்பா. இன்னிக்கு நாலு மணிக்குத் தொறப்பு ஆச்சே. கூண்டு எறங்கற வரைக்கும் வாய மூடிக்கினு இருந்துட்டா போதும், அப்புறம் ஸ்டேஷனோ எதுவோ பாத்துக்கலாம்னு இருந்தேன்." அவர் பிரபுவைப் பார்த்தார். "இந்த சாரு காலைல முன்னாடி வந்து ஒக்காந்ததும் எனக்கு ஒதறிடுச்சு. எனக்குப் பொய் வராது. 'எடுத்தியா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தாருன்னா அங்கியே சொல்லியிருப்பேன். அங்காளம்மா புண்ணியம், அவரு கேக்கவே இல்ல."

சரியாக நான்கு மணிக்கு ஜேக்கப்பின் கார் வந்தது. கையில் எழுதித் தயாரான புகார். சாமிக்கண்ணுவின் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார், வாட்ஸப்பின் உபயம். பெலிசியா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அனுமதிக் கடிதம் வாங்கி எடுத்த பொருளு. அத ராத்திரியோ விடியலோ வெளிய கொண்டு போனா அதுக்குப் பேரு இன்னா? இப்பவே அவுத்து எடுக்கச் சொல்லு."

"சரி சார். எந்தப் படக முதல்ல அவுக்கறதுன்னு நீங்க சொல்லுங்க," என்றாள் பெலிசியா.

அவள் குரலில் கிண்டல் இல்லை. ஜேக்கப் ஆற்றைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று வந்தது. பத்தடி தள்ளிச் சிமெண்டுத் தூணில் கட்டியிருந்த நான்காவது படகு ஒன்று, ஒரு இழு இழுத்தது. தூண் பல் ஆடுவது போல ஆடி, மண்ணோடு சாய்ந்தது. படகு பின்பக்கமாகத் திரும்பி அடுத்த படகை நோக்கிப் போனது. கரையில் கத்தல். நாலைந்து பேர் தண்ணீரில் குதித்தார்கள். பீரங்கியில் கட்டிய மூன்றும் கயிறு முனகியதோடு சரி, அசையவில்லை.

ஜேக்கப் புகார்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை.

"கூண்டு எறங்கட்டும். அப்புறம் பேசுவோம்."

"கூடத்துச் சாவி சார்?" என்றாள் பெலிசியா.

"யாருகிட்ட இருந்துச்சோ அவருகிட்டயே இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்து, "தொறப்பு விழாவுக்கு வந்தவங்கள இங்க கூட்டியாந்து காட்டு. மழை ஜாஸ்தியா இருக்கு, கொடையோட வரச் சொல்லு," என்றார். பிறகு பிரபுவின் பக்கம் திரும்பி, "ஆதாரம் உண்டுன்னு போட்டிருந்தீங்களே?" என்றார்.

பிரபு அவருடைய ஷூவைப் பார்த்தான். அதில் தடயம் எதுவும் இருக்கவில்லை.

"தம்பி! புடி!"

சாமிக்கண்ணுவின் குரல். தண்ணீரில் குதித்தவர்கள் நான்காவது படகின் கயிற்று முனையைக் கரைக்கு வீசியிருந்தார்கள். அது பிரபுவின் மார்பில் வந்து விழுந்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்தான். படகு இழுத்தது, அவன் செருப்போடு இரண்டடி சேற்றில் போனான். பின்னாலிருந்து சாமிக்கண்ணு கயிற்றைச் சேர்த்துப் பிடித்து, "பீரங்கில கட்டுங்க, நான் இழுத்துப் புடிக்கறேன்," என்று கத்தினார்.

பிரபு பீரங்கியைப் பார்த்தான். அதன் கழுத்தில் ஏற்கெனவே இருந்த மூன்று முடிச்சுகளையும் பார்த்தான். ஒன்று இடமாகப் போய் வலமாக வந்தது. இன்னொன்று எங்கே போனது என்றே தெரியவில்லை. கூர்ந்து பார்த்தான். கயிறு அவன் கையை அறுத்துக்கொண்டு நழுவியது. தண்ணீருக்குள் நின்றவர்கள் கத்தினார்கள்.

அவன் ஓரக்கண்ணால் அப்துல்லாவைத் தேடினான்.

அப்துல்லா சட்டென்று திரும்பிக்கொண்டு, மழையில் நனைந்து எப்போதோ அணைந்துபோன செல்போனை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தான். அவனுடைய முதுகுக்குப் பின்னால், காற்றுக்கு நடுவே, மிகவும் சின்னக் குரலில் ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணே… இத எந்தப் பக்கமாண்ணே சுத்தணும்?"